பட்டாசுத் தீப்புண் தழும்புகளுக்கு லேசர் – செல் இணைப்புச் சிகிச்சை: சிவகாசி, திருத்தங்கல் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தீப்புண் ஆறியபின் தோன்றும் மேட்டுத் தழும்புகளைக் குறைக்க, லேசர் ஒளியையும் நோயாளியின் உடலிலிருந்தே பெறப்படும் செல்களையும் இணைத்துப் பயன்படுத்தும் முறை வளர்ந்து வருகிறது. அதன் செயற்பாட்டை விளக்கி, பட்டாசுத் தொழிலாளர்க்கு அதனைப் பரிந்துரைக்கும் முன் கருதவேண்டிய மூன்று வரம்புகளை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மேட்டுத் தழும்பு, கீலாய்டு, லேசர், குருத்தணு, பட்டாசுத் தொழிலாளர்

முன்னுரை

திருத்தங்கல், 2021ஆம் ஆண்டு சிவகாசி மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட ஊராகும். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் இவ்வட்டாரத்தின் வாழ்வாதாரங்கள். 05.09.2012 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகளில் பிழைத்தோரின் பின்வாழ்வு செய்திகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. மருந்து கலத்தல், செலுத்துதல், திரி வைத்தல் ஆகியன கைகளால் செய்யப்படும் பணிகள். எனவே தீப்பிழம்பு முதலில் கைகளையும் முகத்தையும் தாக்குகிறது. விரல் மூட்டின்மேல் தழும்பு இறுகிச் சுருங்கினால் விரல் மடங்காது; தொழிலும் நின்றுபோகும். ஆகவே இங்குத் தழும்பு என்பது பிழைப்பைச் சார்ந்த சிக்கலும் ஆகும்.

தழும்பு மேடாகும் முறை

புண் ஆறும்போது ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொல்லாஜன் இழைகளைச் சுரந்து காயத்தை நிரப்புகின்றன. பணி முடிந்ததும் அவை அடங்க வேண்டும். ஆழமான தீப்புண்ணில் அழற்சி நீடிப்பதால் அவை அடங்குவதில்லை. அவற்றுள் சில சுருங்கும் ஆற்றலுடைய செல்களாக மாறித் தோலை இழுக்கின்றன. ஆறுவதற்கு 21 நாள்களுக்கு மேலாகும் புண்களில் இவ்வாய்ப்பு மிகுதி. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடிக்கும் தழும்பு காலப்போக்கில் ஓரளவு தணியும். எல்லையைக் கடந்து பரவும் கீலாய்டு பெரும்பாலும் தானாகத் தணிவதில்லை. சிகிச்சையைத் தேர்வதற்கு இவ்வேறுபாட்டை அறிதல் இன்றியமையாதது.

லேசரின் பணி

கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964இல் உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த குமார் படேல். அதன் 10,600 நானோமீட்டர் அலைநீள ஒளியைத் தோலிலுள்ள நீர் உறிஞ்சுவதால், ஒளி பட்ட திசு ஆவியாகிறது. 2004இல் அறிமுகமான பகுதிமுறை லேசர், ஒளியை நுண்கற்றைகளாகப் பிரித்துச் செலுத்துகிறது. தழும்பில் நுண்துளைகள் உண்டாகின்றன. இடையே எஞ்சும் திசுவின் துணையால் அவை விரைவில் ஆறுகின்றன. இறுகிய இழைகள் தளர்ந்து கொல்லாஜன் மறுசீரமைப்புப் பெறுகிறது. இச்சிகிச்சை சில வார இடைவெளிகளில் பலமுறை செய்யப்படும். தழும்பின் சிவப்பையும் அரிப்பையும் குறைக்க, இரத்த நுண்குழாய்களைத் தாக்கும் 595 நானோமீட்டர் சாய லேசர் பயன்படுகிறது.

செல்களின் பணி

கொழுப்புத் திசுவில் குருத்தணுக்கள் இருப்பதை 2001இல் வெளியான ஆய்வு நிறுவியது. அக்கொழுப்பை நுண்ணியதாகப் பிரித்துத் தோலில் செலுத்தும் முறை 2013இல் விவரிக்கப்பட்டது. செலுத்தப்படும் செல்கள் அப்படியே புதுத்தோலாக மாறிவிடுகின்றன எனக் கருதுதல் பொருந்தாது. அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணித்து, ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களின் மிகைச்செயலைக் கட்டுப்படுத்துகின்றன என்பதே முதன்மையான விளக்கமாகும். நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரிக்கப்படும் தட்டணுச் செறிவு ஊநீரும் மறுவாக்க நோக்கில் பயன்படுகிறது. ஆயின் அது குருத்தணுச் சிகிச்சை ஆகாது.

இவ்விரண்டையும் இணைப்பதன் அடிப்படை எளிது. தடித்த தழும்பினுள் மேற்பூச்சாக எதுவும் எளிதில் இறங்காது. லேசர் இட்ட நுண்துளைகள் வழிகளாகின்றன. அவ்வழியே செல்களோ அவற்றின் சுரப்புகளோ உட்செல்கின்றன. லேசர் தொடங்கிவைக்கும் மறுசீரமைப்பைச் செல்கள் நெறிப்படுத்தும் என்பது எதிர்பார்ப்பு.

இவ்வட்டாரத்திற்குரிய வரம்புகள்

முதலாவது, தோலின் நிறம். சாய லேசரின் ஒளியை மெலனினும் உறிஞ்சுவதால் கருநிறத் தோலில் கொப்புளமும் நிறமாற்றமும் நேரலாம். கார்பன் டை ஆக்சைடு லேசரும் அழற்சிக்குப்பின் கருமையை விட்டுச்செல்லக்கூடும். கருநிறத் தோலில் கீலாய்டு மிகுதி. லேசரை மட்டும் பயன்படுத்தினால் அது மீண்டும் வளரக்கூடும். ஆதலின் டிரையாம்சினலோன் ஊசி போன்ற துணை மருத்துவம் தேவைப்படுகிறது.

இரண்டாவது, தோலில் புதைந்த வெடிமருந்துத் துகள்கள். இவை பச்சை குத்தியதுபோல் நிலைத்துவிடும். இவற்றை நீக்கப் பயன்படுத்திய லேசரே துகள்களைப் பற்றவைத்துத் தோலில் குழிகளை உண்டாக்கியது குறித்து 1998இல் மருத்துவக் கட்டுரை வெளியானது. ஆகவே பட்டாசு விபத்துக்குள்ளானவர் அதனை மருத்துவரிடம் முன்னரே கூற வேண்டும். மருத்துவரும் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, சான்றின் அளவு. தழும்பு லேசருக்குக் கணிசமான சான்றுகள் உள்ளன. செல் இணைப்பு குறித்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகளே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, இரத்தக் குருத்தணு மாற்றுக்கென ஏற்கப்பட்ட நோய்கள் தவிர்த்த பிறவற்றில் குருத்தணுக்களை முறையான மருத்துவ ஆய்வின் பகுதியாகவே பயன்படுத்தலாம். இதனை விற்பனைச் சிகிச்சையாக முன்வைத்தல் நெறிக்கு மாறானது. கடன் பட்டு மருத்துவம் பார்க்கும் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

முடிவுரை

காலத்தே தோலொட்டு, அழுத்த உறை, சிலிக்கோன் பூச்சு, விரல்களுக்கான இயன்முறைப் பயிற்சி ஆகியவை தழும்பு இறுகுவதைக் குறைக்கும் முதற்படிகள். அவற்றின்பின் லேசர், அதன்பின், ஆய்வு நெறிக்குட்பட்டுச் செல் சிகிச்சை என்பதே தகுந்த வரிசையாகும். 2022இல் தொடங்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இவ்வட்டாரத் தழும்பு நோயாளரைத் தொடர்ந்து பதிவுசெய்து ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமையும். தழும்பின் தடிமனோடு விரல் எவ்வளவு மடங்குகிறது என்பதையும் அவ்வாய்வு அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.