அப்பாவின் கமராவில் உடைந்தது ஒன்றுமில்லை

ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் பல வருசமாகக் கிடந்தது அப்பாவின் பென்டாக்ஸ் கே1000. போன கோடையில் மகன் அதற்குள் பிலிம் போட்டான். கழுவி வந்த படங்களில், வெயிலில் எடுத்தவை எல்லாவற்றிலும் ஒரு பக்கம் கறுப்பு.

"அப்பா, ஷட்டர் போச்சுது. இன்னொரு பழைய கே1000 வாங்கி, அதில இருந்து கழட்டிப் பூட்டுவம்" என்றான்.

எனக்கும் அதுதான் சரியெனப் பட்டது. கமரா திருத்தும் வயதானவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் உடையவில்லை, அழுக்குத்தான் என்றார்.

விசயம் இதுதான். இந்தக் கமராவில் இரண்டு துணித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். 1/1000 வினாடி வேகத்தில் அவற்றுக்கு நடுவே ஒடுங்கிய இடைவெளி மட்டுமே இருக்கும். பழைய எண்ணெய் இறுகி முதல் திரை மந்தமானால், பின்னால் வரும் திரை அதை எட்டிப் பிடித்துவிடும். படத்தில் ஒரு பக்கம் இருண்டுபோகும். சிலர் ஸ்பிரிங்கை இறுக்கிச் சமாளிப்பார்கள். அழுக்கு அப்படியே இருக்கும், தேய்மானம்தான் கூடும்.

அவர் பழைய எண்ணெயைத் துடைத்து, துளி எண்ணெய் விட்டு, வேகத்தை அளந்து சரிசெய்தார். புதிதாக மாற்றியது, பிசின்போல உருகிக் கிடந்த பின்மூடி நுரைப்பட்டியை மட்டும். கூலி, இன்னொரு பழைய கமராவின் விலைக்குக் கிட்ட வந்தது, உண்மைதான். ஆனால் 1976 முதல் 1997 வரை தயாரான மொடல் இது. ஒன்றுக்குப் பாகம் வேண்டுமென்றால் இன்னொன்றைப் பலி கொடுக்கவேண்டும். அதற்குள் இருக்கும் எண்ணெயும் பழசுதானே?

பிரித்தானியாவில் 2021 யூலை முதல், சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றுக்கு உற்பத்தியாளர் உதிரிப்பாகம் வழங்கவேண்டும் என்ற விதி இருக்கிறது. கமரா அதில் இல்லை. இருந்தாலும், பாகத்தைச் சட்டம் தரும், கைத்திறனைத் தராது. 2024இல் பென்டாக்ஸ் மீண்டும் ஒரு பிலிம் கமரா செய்தபோது, மூத்த பொறியியலாளர்களின் அனுபவத்தை இளையவர்கள் கேட்டறிய வேண்டியிருந்தது.

"உங்களுக்குப் பிறகு இந்த வேலைக்கு ஆர்?" என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். எனக்கு அதுதான் கவலை.

இடம்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்த குடும்பங்கள் எங்களில் ஏராளம். அதையும் தாண்டிக் கமரா ஒன்று வந்து சேர்ந்திருந்தால், எறியவும் வேண்டாம், உடனே பாகம் தேடவும் வேண்டாம். திருத்துபவரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: துடைத்தால் போதுமா? உங்கள் பிள்ளைக்கு ஆர்வமிருந்தால், பக்கத்தில் நின்று பார்க்க விடுவாரா என்றும் கேளுங்கள்.