கடலோரத்துச் சிறு வீடும் அதன் ஒழுங்கும்

வீட்டை ஒழுங்காக வைத்திருப்பது பற்றி எழுதுவோர் பலரும் அகன்ற கூடமும் தனித்தனி அறைகளும் சுவரோடு பொருந்திய அலமாரிகளும் உடைய வீட்டையே மனத்தில் கொண்டு எழுதுகின்றனர். அத்தகைய வீட்டில் பொருள்களுக்கு இடம் காண்பது பெரிய காரியமன்று. ஒரே அறையில் ஐவர் உறங்கி, அதே அறையில் பிள்ளைகள் படித்து, வாசலில் வலையும் கொல்லையில் மீன் கூடையும் கிடக்கும் இல்லத்தில் ஒழுங்கையும் அமைதியையும் காப்பது எப்படி? இக்கேள்வியோடு நாம் காரைக்கால்மேட்டை நோக்குவோம்.

மூன்று புறமும் தமிழகத்தாலும் கிழக்கே கடலாலும் சூழப்பட்டது காரைக்கால் பகுதி. அங்கே அரசலாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்திற்கு அருகே அமைந்த மீனவர் ஊர் காரைக்கால்மேடு. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, அப்பகுதியில் பெருந்துயருற்ற ஊர்களில் இதுவும் ஒன்று. உயிர்களை இழந்த துயரத்தோடு ஒப்பிட்டால் பொருள்களை இழந்தது சிறிதுதான். ஆயினும் குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ், படகின் பதிவுத்தாள், திருமணப் புகைப்படம் ஆகியன ஒரே நாழிகையில் மறைந்துபோன குடும்பத்தினர், தாம் இன்னார் என்பதை மெய்ப்பிக்கவே அலைய நேர்வதைச் சிறு துன்பம் என்று எவர் சொல்வார்? பின்னர் கடலோரத்தில் சிறு சிறு கான்கிரீட் வீடுகள் எழுந்தன. ஓலைக் குடிசையைவிட அவை உறுதியானவை, ஐயமில்லை. ஆனால் வலையையும் கயிற்றையும் செருகி வைக்க இறவாணம் இருந்த குடிசை வேறு, நான்கு மட்டச் சுவர்களே உள்ள வீடு வேறு. பழைய வீட்டில் தாமாகவே இடம் கண்ட பொருள்களுக்குப் புதிய வீட்டில் நாமே சிந்தித்து இடம் வகுக்க வேண்டியிருக்கிறது.

கடலோர இல்லத்தரசியின் பகைகள் மூன்று: மணல், உப்புக்காற்று, மீன் வாடை. மணலை வீட்டினுள் பெருக்குவதைவிட வாசலிலேயே நிறுத்துவது அறிவுடைமை. வாசற்படியருகே ஒரு வாளி நீரும் ஒரு செம்பும் தேங்காய் நார் மிதியடியும் இருந்து, கால் கழுவாமல் எவரும் உள்ளே வரலாகாது என்ற வழக்கம் ஏற்பட்டுவிட்டால் துடைப்பத்தின் வேலையில் பாதி குறையும். நம் பாட்டிமார் அனைவரும் செய்ததே இது. குழாய் வந்த பின்னர் ஏனோ மறந்தோம்.

உப்புக்காற்று இரும்பை அரிக்கும். டிரங்குப் பெட்டியைத் தரையில் வையாது செங்கற்களின்மீது வைப்பதும், துணிகளுக்கிடையே வேப்பிலைச் சருகோ வசம்போ இடுவதும், சமையல் உப்பைத் தகரத்தில் அன்றிப் பீங்கான் ஜாடியில் வைப்பதும் சிறு செயல்கள், பலனோ பெரிது. மீன் வாடையைப் பொறுத்தவரை, அது காரத்தன்மை கொண்ட ஒரு பொருளால் எழுவது என்று வேதியியலார் கூறுகின்றனர். புளிப்பு அதனை அடக்கிவிடும். மீன் கழுவிய கையையும் அரிவாள்மனையையும் சட்டியையும் பெண்கள் புளியிட்டுத் துலக்குவது வெறும் பழக்கமன்று, உண்மையறிந்த செயலே. எலுமிச்சைத் தோலும் அவ்வாறே பயன்படும்.

இவையெல்லாம் எளியவை. கடினமானது மற்றொன்று. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், மீன்கள் இனம்பெருகும் பொருட்டு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடையுண்டு. அந்நாள்களில் ஆடவர் வீட்டிலிருப்பர். வருவாய் சுருங்கும், வெயிலோ கொளுத்தும். பழுதுபார்க்க வேண்டிய வலைகளும் மிதவைகளும் ஈயக்குண்டுகளும் திண்ணையை நிறைத்து உள்ளேயும் புகும். பிள்ளைகளுக்கும் விடுமுறைக் காலம் அது. "என் ஊசி எங்கே? கத்தரிக்கோலை எவர் எடுத்தார்?" என்று தொடங்கும் பேச்சு, கடன், வட்டி என்று எங்கெங்கோ சென்று முடிவதைக் கடலோரக் குடும்பங்கள் நன்கறியும். ஊசி காணாமற்போனதால் வந்த சண்டையன்று அது என்று சிலர் சொல்லக்கூடும். மெய்தான். ஆயினும் ஊசி தன் இடத்தில் இருந்திருப்பின் அன்றைய தினம் அப்பேச்சு எழுந்திராது.

ஆகவே வலைக்கருவிகளுக்கு ஒரு மூலையையோ ஒரு மரப்பெட்டியையோ ஒதுக்க வேண்டும். அவ்விடத்தைத் தெரிவு செய்பவர் கணவராகவே இருக்கட்டும். அவரே எடுத்து, அவரே மாலையில் வைக்கட்டும். மனைவி வகுத்த இடத்தில் கணவர் வைக்கவில்லை என்று வருந்துவோர், அந்த இடத்தை அவரிடம் கேட்டு வகுத்தோமா என்று எண்ணிப் பார்ப்பது நலம். அதுபோலவே மீன் விற்கச் செல்லும் பெண் விடியுமுன் எழுந்து அன்னக்கூடையோடு புறப்படுகிறாள், நண்பகலில் திரும்புகிறாள். அவள் திரும்பும்வரை விரித்த பாய் விரித்தபடியும் உண்ட தட்டு உண்ட இடத்திலும் கிடக்குமாயின், அவ்வீட்டில் குறை அவளுடையதன்று. இதனை நாம் அழுத்தமாகவே கூற விரும்புகிறோம். ஏனெனில் வீட்டின் அலங்கோலத்திற்கு அவளைக் குற்றஞ்சாட்டுவதே ஊர் வழக்கமாக இருக்கிறது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 30 தம்பதியரிடம் நடத்தி 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. தம் வீட்டைச் சுற்றிக் காட்டியபோது, பொருள்கள் குவிந்தும் வேலைகள் முடியாமலும் கிடப்பதாகக் கூறிய மனைவியரின் உடலில், காலைமுதல் மாலைவரை படிப்படியாகக் குறைய வேண்டிய கார்ட்டிசால் என்னும் சுரப்பு போதிய அளவு குறையவில்லை. மன இறுக்கத்தோடு தொடர்புடைய சுரப்பு அது. கணவரிடம் இத்தொடர்பு அவ்வாறு தெளிவாகக் காணப்படவில்லை. செல்வம் கொழிக்கும் நாட்டிலும் இந்தப் பாரம் பெண்ணின் தோளில்தான் இறங்குகிறது போலும்!

பிள்ளைகளைப் பழக்குவது எவ்வாறு? உரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றில் 1907ஆம் ஆண்டு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரிய மாண்டிசோரி அம்மையார், 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அவர் முறையில் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்திலேயே தட்டுகள் அமையும். எடுத்த பொருளைக் குழந்தையே அதே இடத்தில் திரும்ப வைக்கும். நம் வீடுகளிலோ எல்லாவற்றையும் பரணிலும் உயர்ந்த மாடத்திலும் வைத்துவிட்டு, பிள்ளைகள் எதையும் வைப்பதில்லை என்று கடிந்துகொள்கிறோம். சுவரில் இரண்டடி உயரத்தில் ஒரு பலகை, புத்தகப் பைக்கு ஓர் ஆணி, சீருடைக்கு ஒரு கொடி. இவற்றுக்கு ஆகும் செலவு அற்பமே.

வைத்திருப்பதைக் குறைப்பது பற்றியும் ஒரு சொல். உடைந்த வாளி, இற்றுப்போன நைலான் கயிறு, மூடியில்லாத புட்டி என்று எதையும் எறிய மனம் வராது சேர்ப்போரைக் கேலி செய்ய நமக்கு மனமில்லை. ஒருமுறை யாவற்றையும் நீரில் விட்டவர்க்கு எதையும் விடுவது அரிது. ஆனாலும் நடைவழியிலும் கதவோரத்திலும் அவை குவியலாகாது. புயலிரவில் மின்சாரம் நின்றபின், முதியவரும் குழந்தையும் கால் இடறாமல் வெளியேற வழி வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது வேதாரண்யம் கரை முதல் காரைக்கால் வரை மக்கள் கண்ட இருள் நினைவிருக்கும்.

ஒரு வீடு ஒழுங்காக உள்ளதா என்று அறிய விரும்புவோர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டின் கடைக்குட்டியிடம் கைவிளக்கையும் தீப்பெட்டியையும் எடுத்துவரச் சொல்லுங்கள். தேடாமல் எடுத்து வந்தால் போதும். தரை பளபளக்க வேண்டியதில்லை.

அதே நினைவோடு ஒரு மூட்டையும் ஆயத்தமாக இருக்கட்டும். குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பள்ளி மற்றும் ஞானஸ்நானச் சான்றிதழ்கள், படகுத் தாள்கள், முதியவரின் மருந்துச்சீட்டு, ஒன்றிரண்டு புகைப்படங்கள் ஆகியவற்றை நீர்புகாத உறையில் இட்டு, கதவருகே ஆணியில் மாட்டுவது தகும். படிகளை எடுத்து உள்நாட்டில் உள்ள உறவினர் வீட்டிலும் ஒன்று வைக்கலாம். ஆண்டுக்கொருமுறை, ஐப்பசி மழை தொடங்குமுன், உறையைப் பிரித்துத் தாள்களை நிழலில் உலர்த்தி, புதியன சேர்த்து மீண்டும் கட்டவேண்டும். எந்த ஆணியில் அது தொங்குகிறது என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்கட்டும்.