முன்பே குடியிருக்கும் பைதான்

உபுண்டுவில் பைதானை நிறுவுவது எப்படி என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டு எழுதியிருக்கிறார். நிறுவவே வேண்டாம். டெர்மினலில் பைதான்3 என்று தட்டிப் பாருங்கள், அது அங்கே இருக்கும். உபுண்டு 22.04 என்றால் 3.10, 24.04 என்றால் 3.12.

ஆனால் அது உங்களுக்காக வைத்ததல்ல. உபுண்டு தன் சொந்த வேலைக்கு வைத்துக்கொண்டிருப்பது. பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே ஏற்றும் கருவி போல பலவும் பைதானில் எழுதப்பட்டவை. எனக்குப் பிடித்த விசித்திரம் 20.04இன் டெர்மினல். அதைத் திறந்துவிடுவதே ஒரு சின்னப் பைதான் நிரல்தான்! புதுப் பதிப்பு மோகத்தில் பைதான்3 என்ற பெயரை 3.8இலிருந்து 3.9க்குத் திருப்பிவிட்டவர்களுக்கு அப்புறம் டெர்மினலே திறக்கவில்லை. அந்த நிரல் நம்பியிருக்கும் நூலகத்தின் ஒரு பகுதி சி மொழியில் எழுதப்பட்டு, 3.8க்கென்றே தொகுக்கப்பட்டது. 3.9 தேடினால் அது அகப்படாது. சரிசெய்யக் கட்டளை தட்ட வேண்டும், தட்டுவதற்கோ டெர்மினல் இல்லை. (கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வரும். அதில் பிழைத்துக்கொள்ளலாம்.)

எங்கள் குடியிருப்பில் ஒருவர் தன் குளியலறையில் தண்ணீர் வேகமாக வரவேண்டும் என்று மொட்டைமாடித் தொட்டியின் குழாயில் கைவைத்தார். கீழ்வீடுகளில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பொதுச் சொத்தில் கைவைத்தால் அப்படித்தான்.

உபுண்டுவின் பைதானில் இப்படிக் கைவைப்பதைத் தடுக்கவே 2023இல் டெபியன் 12, உபுண்டு 23.04 இரண்டும் ஒரு பூட்டுப் போட்டன. பிப் என்ற கருவியைக் கொண்டு நூலகத்தை நேராக ஏற்றப் போனால் மறுத்துவிடும். மீற வழி உண்டு, பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் என்று சேர்த்துத் தட்ட வேண்டும். இவ்வளவு பச்சையாக எச்சரிக்கும் பெயரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அதையும் நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவோடு சேர்த்துத் தட்டச் சொல்லித்தரும் யூடியூப் காணொளிகள் எத்தனை! பார்ப்பவர்களும் ஒரு வரி படிக்காமல் ஒட்டுகிறார்கள். பிழைச்செய்தியிலேயே சரியான வழி எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமையில்லை.

அந்த வழியின் பெயர் வென்வ். உபுண்டுவில் அது தனிப் பொதி, பைதான்3-வென்வ் என்பதை ஏபிடி மூலம் முதலில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி ஃபோல்டர், அதற்குள் அதற்கான நூலகங்கள். கெட்டுப்போனால் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம், சூடோவே தேவைப்படாது. பாடத்துக்கு வேறு பதிப்புதான் வேண்டுமென்றால் மூலநிரலிலிருந்து தொகுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டளை மட்டும் மேக் இன்ஸ்டால் அல்ல, மேக் ஆல்ட்இன்ஸ்டால். புதியது தன் எண்ணோடு பைதான்3.13 என்று தனியே உட்காரும், பைதான்3 என்ற பெயரைத் தொடாது.