பந்தியில் பரவாத நோய்

ஹெப்படைடிஸ் ‘பி’ கிருமி உள்ளவர் அருகில் அமர்ந்து அன்னதானம் உண்ணலாமா எனச் சிலர் தயங்குகிறார்கள். தாராளமாக உண்ணலாம். சோறு, தண்ணீர், இருமல், கைகுலுக்கல் ஆகியவற்றால் இந்நோய் பரவுவதில்லை.

இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் இது பரவுகிறது. கல்லீரலைத் தாக்கும் இக்கிருமி, உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்வாழும். ஆகவே முடியிறக்கும்போதும், காது குத்தும்போதும், அலகு குத்தும்போதும் ஒருவருக்குப் பயன்பட்ட கத்தியையோ ஊசியையோ அப்படியே மற்றவருக்குப் பயன்படுத்தலாகாது. புதிய பிளேடு கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.

மலேசியாவில் 1989 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த நம்மைப் போன்றோர் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நலம்; பலருக்கு நோய்க்குறியே தெரிவதில்லை.

நேர்த்திக்கடன் நோயின்றி நிறைவேற முருகப்பெருமான் அருள்புரிவாராக.