கொள்கை மட்டும் போதுமா?

புதிதாகத் தோன்றும் வலதுசாரிக் கட்சிகளைப் பற்றி நம் தேசத்திலும் அயல் தேசங்களிலும் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. விரிவான வேலைத்திட்டம் ஏதுமின்றி, சில பொதுக் கொள்கைகளையும் ஜனங்களின் அதிருப்தியையும் மாத்திரமே மூலதனமாகக் கொண்டு ஒரு கட்சி வெற்றி பெற முடியுமா? முடியும் என்று சொல்வோர், தேர்தல் அறிக்கையை எந்த வாக்காளன் படித்துப் பார்க்கிறான் என்று நம்மைத் திருப்பிக் கேட்கிறார்கள். முடியாது என்று சொல்வோர், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்கிறார்கள். இரு சாராரும் பாதி உண்மையையே சொல்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். மீதிப் பாதியை அறிந்துகொள்ள நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. நமது சென்னையிலே பிறந்து, 15 ஆண்டுகள் வாழ்ந்து, பெயரும் இல்லாமல் மறைந்துபோன சுதந்திராக் கட்சியின் சரித்திரமே போதும்.

1959ஆம் ஆண்டு ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, கூட்டுறவுக் கூட்டுப் பண்ணை முறையை விவசாயத்தின் வருங்கால வழியாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. நிலம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் சிறு குடியானவனையும் பற்றிக்கொண்டது. பெரு மிராசுதாரனையும் பற்றிக்கொண்டது. அதே வருஷம் ஜூன் மாதத்தில் புதிய கட்சியின் உதயம் சென்னையில் அறிவிக்கப்பட்டது. அப்பொழுது ராஜாஜி அவர்களுக்கு வயது 80. ஆந்திர விவசாயிகளின் தலைவரான என். ஜி. ரங்கா, ஒரு காலத்தில் காங்கிரஸ் சோஷலிஸ்டாக இருந்து பின்னர் அக்கொள்கையைக் கைவிட்ட மினூ மஸானி, கே. எம். முன்ஷி ஆகியோர் உடன் சேர்ந்தனர். ஆகஸ்டில் பம்பாயில் முதல் மகாநாடு கூடிற்று.

இக்கட்சி 21 மூலக் கொள்கைகளை வகுத்துக்கொண்டது. தனி மனிதனின் சுதந்திரம், சொத்துரிமை, சர்க்கார் தலையீட்டின் குறைப்பு ஆகியவை அவற்றின் சாரம். இந்த மூலக் கொள்கைகளுக்கு உட்படாத விஷயங்களில் அங்கத்தினர் அவரவர் மனச்சாட்சிப்படி பேசவும் நடக்கவும் பூரண உரிமை உண்டென்றும் விதிக்கப்பட்டது. கட்சிக் கட்டுப்பாடு என்ற பெயரால் மனிதரின் வாயை அடைத்த காலத்தில் இது புதுமையானதே, மேன்மையானதும்கூட. பின்னர்த் தேர்தல்கள் வந்தபோது கட்சி அறிக்கைகளும் வெளியிட்டது. ஆதலால், திட்டமே இல்லாத கட்சி என்று அதன்மேல் குற்றம் சாட்டுவது அநியாயம். ஆனால் கட்சியை ஒன்றாகப் பிணைத்த கயிறு மூலக் கொள்கையேயன்றித் திட்டம் அன்று என்பதை எவரும் மறுக்க முடியாது.

வந்து சேர்ந்தவர் யார்?

கதவை அகலத் திறந்து வைத்தால், நாம் அழைத்தவர் மாத்திரமா உள்ளே வருவர்? பீகாரில் ராம்கர் ராஜா தம்முடைய கட்சியைக் கொண்டுவந்து சேர்த்தார். ஒரிஸ்ஸாவில், பழைய சமஸ்தானாதிபதிகளின் செல்வாக்கில் வளர்ந்த கணதந்திர பரிஷத் வந்து கலந்தது. ராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, 1962 பார்லிமெண்டுத் தேர்தலில் மிகப் பெரும் வித்தியாசத்தில் ஜயித்தார். அந்தத் தேர்தலில் லோக்சபையில் கட்சிக்குக் கிடைத்த ஸ்தானங்கள் 18. வாக்குகள் நூற்றுக்கு ஏறக்குறைய 8. மூன்று வயதுகூட நிரம்பாத கட்சிக்கு இது சாமானிய வெற்றியா? 1967இல் ஸ்தானங்கள் 44 ஆயின. லோக்சபையில் எதிர்க்கட்சிகளுள் முதலிடம் சுதந்திராக் கட்சிக்குக் கிடைத்தது. ஒரிஸ்ஸாவில் அக்கட்சியின் ஆர். என். சிங் தேவ் முதல் மந்திரியானார்.

திட்டம் இல்லாமலும் வெற்றி வரும் என்பார் இந்தக் கணக்கைக் காட்டலாம். அதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் புரட்டிப் பார்ப்போம். பீகார் சட்டசபையில் 1962இல் 50 ஸ்தானங்கள் பெற்ற கட்சி, ராம்கர் ராஜா விலகிச் சென்றபின், 1967இல் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. அந்த 50 ஸ்தானங்களும் 21 கொள்கைகளுக்குக் கிடைத்தவை அல்ல. ஒரு ராஜாவின் பெயருக்குக் கிடைத்தவை. அவர் போனார், அவையும் கூடப் போயின.

பாஷை விஷயத்திலும் இதே கதிதான். 1949இல் ஹிந்தியை ஆட்சி மொழியாக்கிய சூத்திரத்தை கோபாலஸ்வாமி ஐயங்காருடன் சேர்ந்து வகுத்தவர் முன்ஷி. 1965இல் அதே ஹிந்தியின் ஏகபோகத்தை முழுமூச்சாய் எதிர்த்தவர் ராஜாஜி. இருவரும் ஒரே கட்சியின் ஸ்தாபகர்கள்! தமிழ்நாடு கொந்தளித்த அவ்வாண்டில், உங்கள் கட்சி எந்தப் பக்கம் என்று ஓர் ஊழியரை ஊரார் கேட்டிருந்தால், தலைவர் ராஜாஜியின் பக்கம் என்று சொல்லலாமேயன்றிக் கட்சியின் பக்கம் இன்னது என்று அவர் எவ்வாறு சொல்லியிருக்க முடியும்? மனச்சாட்சியின் உரிமை தனி மனிதனுக்கு ஆபரணம். ஜனங்களிடம் வாக்குக் கேட்கும் ஊழியனுக்கோ அது ஆயுதம் ஆகாது.

மூன்று படி அரிசி

1967 தேர்தலில் நமது ராஜ்யத்தில் நடந்ததை நினைவுகூர்வோம். சுதந்திராக் கட்சியும் திராவிட முன்னேற்றக் கழகமும் ஒரே அணியில் நின்றன. தர்மம், சுதந்திரம், லைசென்ஸ்-பர்மிட் ராஜ்யத்தின் கேடு ஆகியவற்றை ராஜாஜி எடுத்துரைத்தார். கழகமோ ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றும் சொல்லி வைத்தது. கழகத்துக்கு 130க்கு மேற்பட்ட ஸ்தானங்கள் கிடைத்தன. சுதந்திராக் கட்சி தான் நின்ற சில தொகுதிகளில் பெரும்பாலானவற்றை வென்று 20 ஸ்தானங்கள் பெற்றது. அணி மாறிக் காமராஜ் அவர்களுடன் சேர்ந்து நின்ற 1971இல் அதற்குச் சட்டசபையில் கிடைத்தவை 6.

படி அரிசி என்பது விரிவான திட்டமா? இல்லை, ஒரே ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியை அடுப்பங்கரையில் இருக்கும் பெண்ணும் அளந்து பார்க்கலாம். பதவிக்கு வந்தபின் ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் மாத்திரமே தொடங்கப்பட்டது. செலவின் பாரத்தால் அதற்கு மேல் அதை விரிக்க இயலவில்லை. எதிர்க்கட்சிகள் அதைச் சொல்லிக் காட்டவும் செய்தன. இவ்வாறு சொல்லிக் காட்ட இடமிருந்ததே அந்த வாக்குறுதியின் சிறப்பு என்போம் நாம். அளக்கக்கூடிய சொல்லைக் கொடுத்தவன் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறான். அளக்க முடியாத சொல்லைக் கொடுத்தவனை நம்பவும் முடியாது, கண்டிக்கவும் முடியாது.

இங்கே வலதுசாரிக் கட்சிகளுக்கு உரிய ஒரு விசேஷக் கஷ்டத்தையும் குறிப்பிட வேண்டும். சர்க்கார் இன்னும் அதிகம் செய்யவேண்டும் என்று கூறும் கட்சி, பள்ளி கட்டுவோம், ஆஸ்பத்திரி திறப்போம் என்று சொன்னால் போதும். கேட்பவன் மனக்கண்ணில் கட்டடம் எழும்பிவிடும். சர்க்கார் குறைவாகச் செய்யவேண்டும் என்று கூறும் கட்சியின் நிலை வேறு. வரியைக் குறைப்போம் என்றால் எந்தச் செலவை நிறுத்துவீர்கள் என்ற கேள்வி வரும். இலாகாக்களைச் சுருக்குவோம் என்றால் எந்த இலாகாவை, அதில் இருப்பவர் எங்கே போவர், அதன் உதவியால் பிழைப்பவர் கதி என்ன என்ற கேள்விகள் வரும். ஆகவே திட்டம் மற்றவர்களுக்கு எவ்வளவு அவசியமோ, அதைக் காட்டிலும் இவர்களுக்கு இரு மடங்கு அவசியம். இவர்களோ, திட்டம் என்ற சொல்லே எதிரிகளின் சொத்து என்று எண்ணி அதைத் தள்ளி வைக்கிறார்கள்!

1969 ஜூலையில் இந்திரா காந்தி 14 பாங்குகளைத் தேசீயமயமாக்கினார். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர் சுதந்திராக் கட்சியைச் சேர்ந்த ஆர். சி. கூப்பர். 1970இல் அவர் வழக்கில் வென்றார். சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஆனால் 1971 தேர்தல் என்ற பெரிய வழக்கு மன்றத்தில் நடந்தது என்ன? இந்திராவை அகற்றுவோம் என்றனர் எதிரணியினர். வறுமையை அகற்றுவோம் என்றார் இந்திரா. அவர் சொன்னதும் அளக்க முடியாத சொல்தான். ஆனால் அதற்குப் பின்னால், பறித்த பாங்குகள் கண்ணுக்குத் தெரியும் அத்தாட்சியாக நின்றன. எதிரே நின்ற சுதந்திராக் கட்சியிடம் ஏழைக்கு எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை. 44 ஸ்தானங்கள் 8 ஆயின. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு; காங்கிரஸ் பிளவும், எதிரணியின் ஒவ்வாத கூட்டும் சேர்ந்தே அதைக் கவிழ்த்தன. எனினும் அலை வந்தபோது ஊன்றி நிற்க வேர் இல்லாமற்போனது ஏன் என்பதே நமது கேள்வி. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். 1974இல் கட்சி பாரதீய லோக்தளத்தில் கலந்து மறைந்தது.

கடல் கடந்த சாட்சிகள்

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய விதி அல்ல. பிரான்சில் வரி அதிகாரிகளை எதிர்த்துக் கிளம்பிய சிறு கடைக்காரர்களின் இயக்கத்துக்குப் பூஜாத் என்பவர் தலைவரானார். 1956 ஜனவரித் தேர்தலில் அவ்வியக்கம் 50க்கு மேற்பட்ட ஸ்தானங்களைப் பிடித்து ஐரோப்பாவைத் திகைக்க வைத்தது. 1958இல் அடுத்த தேர்தல் வருவதற்குள் அது கரைந்துவிட்டது.

பிரிட்டனில் 2019 தொடக்கத்தில் பிறந்த பிரெக்ஸிட் கட்சி, தேர்தல் அறிக்கையே வெளியிடாமல், ஐரோப்பிய யூனியனிலிருந்து வெளியேற வேண்டும் என்ற ஒரே கோரிக்கையுடன் மே மாத ஐரோப்பியப் பார்லிமெண்டுத் தேர்தலில் நின்று, 29 ஸ்தானங்களுடன் முதலிடம் பெற்றது. அவ்வாண்டு டிசம்பர்ப் பொதுத்தேர்தலில் அதே கோரிக்கையைக் கன்ஸர்வேடிவ் கட்சி எடுத்துக்கொண்டது. பிரெக்ஸிட் கட்சியோ, கன்ஸர்வேடிவ்கள் முன்பு வென்றிருந்த 300க்கு மேற்பட்ட தொகுதிகளில் நிற்காமல் ஒதுங்கியது. மற்றவற்றில் நின்றும் ஒரு ஸ்தானமும் பெறவில்லை. ஒரே சரக்கை விற்கும் கடை, அதே சரக்கை அடுத்த கடைக்காரன் வாங்கி வைத்தவுடன் அடைபட்டுப் போகாதா? பின்னர் ரிபார்ம் என்று பெயர் மாறிய அக்கட்சி, 2024இல் வாக்குறுதிப் பத்திரம் ஒன்றுடன் நின்று நூற்றுக்கு 14 வாக்குகளும் 5 ஸ்தானங்களும் பெற்றது. 2025 மே மாதத்தில் பல ஸ்தல ஸ்தாபனங்களைக் கைப்பற்றியது. வயோதிகர் பராமரிப்பும் சாலைச் செலவும் அங்கே அதன் பொறுப்பாயின. மேடைப் பேச்சு வரவுசெலவுக் கணக்காக மாறவேண்டிய இடம் அதுவே.

இத்தாலியை மறந்துவிட்டீரே என்று நேயர்கள் கேட்கலாம். 1994 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட பெர்லுஸ்கோனியின் கட்சி, மார்ச்சில் தேர்தலை வென்று ஆட்சி பிடித்தது வாஸ்தவம். ஆனால் கூட்டாளிக் கட்சி கைவிட்டதால் அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் ராஜீநாமாச் செய்யவேண்டி வந்தது. 2001இல் அவர் மறுபடி வந்தபோது, ஐந்து வாக்குறுதிகள் கொண்ட ஒப்பந்தத்தில் டெலிவிஷன் முன்னிலையில் கையெழுத்திட்டே வந்தார். முதல் முறை கற்ற பாடம் போலும்.

எண்ணம் பிழைத்தது, கட்சி பிழைக்கவில்லை

கடைசியாக ஒன்று. ராஜாஜி எதிர்த்த லைசென்ஸ் ராஜ்யம் 1991 ஜூலையில் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. அதை முடித்தது அவர் எதிர்த்த காங்கிரஸ் கட்சியின் சர்க்காரே. அன்னியச் செலாவணி நெருக்கடி கழுத்தைப் பிடித்தது என்பது மெய்தான். ஆயினும் எவ்வாறு முடித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 18 தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஜாபிதா எழுதினார்கள். 32 வருஷங்களுக்கு முன் சென்னையில் முழங்கிய கொள்கை, ஒருவர் உட்கார்ந்து ஜாபிதா எழுதிய அன்றுதான் காரியமாயிற்று.

இதனால் நூறு பக்கத் திட்டம் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வலதுசாரிக் கட்சி எதுவாயினும், அதில் உழைக்கும் இளைஞர்கள் தம் தலைவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். எதை நிறுத்துவீர்கள்? அதனால் நஷ்டப்படுகிறவனுக்கு என்ன செய்வீர்கள்? முதல் வருஷத்தில் ஜனங்கள் அளந்து பார்க்கும்படி எதை முடித்துக் காட்டுவீர்கள்? இவற்றுக்கு ஒரு பக்கத்தில் விடை எழுத முடிந்தால் அக்கட்சிக்கு எதிர்காலம் உண்டு. எழுத முடியாவிட்டால், அதிருப்தி அதை ஒரு முறை சட்டசபைக்குள் கொண்டுபோய் விடலாம். அங்கே உட்கார வைக்க அதிருப்தியால் ஆகாது. காலியாக விட்ட வீட்டில் யாரேனும் குடியேறத்தான் செய்வர்; அவர்கள் வீட்டுக்காரனைக் கேட்டுக் குடியேறுவதில்லை.