பயிரின் தற்காப்பும் பற்றீரியா வாடல் நோயும்

காலையில் செழிப்பாக நின்ற தக்காளிச் செடி நண்பகலில் தலை சாய்கின்றது. மாலையில் சற்று நிமிர்கின்றது. சில நாள்களில், இலைகள் பச்சை நிறம் மாறாதிருக்கவே, செடி முழுவதும் வாடி மடிகின்றது. நீர் போதாதெனக் கருதி நீர் பாய்ச்சுவோர் உளர். கையிலுள்ள மருந்தைத் தெளிப்போரும் உளர். இரண்டினாலும் பயன் விளைவதில்லை. பாய்ச்சிய நீரே நோயை அடுத்த வரிசைக்குக் கொண்டு செல்லவும் கூடும். கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் தாக்கும் இந்நோய் பற்றீரியா வாடல் எனப்படும். இந்நோய்க்கு மருந்து பயன்படாமைக்குரிய காரணத்தை உணர்வதற்கு, பயிர்கள் கிருமிகளை எதிர்க்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

விதையிலுள்ள காவல்

மண்ணிலும் நீரிலும் எண்ணற்ற கிருமிகள் உள. அவற்றின் நடுவே விதைக்கப்படும் விதை அழுகாது முளைப்பதற்குரிய காரணங்களுள் ஒன்று, விதையிலேயே அமைந்துள்ள சில சிறு புரதங்களாகும். 1942ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஆராய்ச்சியாளர் கோதுமை மாவிலிருந்து பியூரோதயனின் என்னும் புரதத்தைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தனர். அப்பமாவைப் புளிக்கச் செய்யும் மதுவத்தையும் சில பற்றீரியாக்களையும் அது கொல்வதாகக் கண்டனர். பயிர்களைத் தாக்கும் பற்றீரியாக்களையும் அது அழிக்கவல்லதென்பது 1972ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

புரதங்கள் அமினோவமிலங்கள் கோத்த மாலைகளை ஒத்தவை. சாதாரண புரதத்தில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். பியூரோதயனினில் 45 மாத்திரமே உள. இத்தகைய சிறு மாலைகள் பெப்தைட்டுகள் எனப்படும்.

முள்ளங்கி விதையிலும் இவ்வகைப் புரதங்கள் உள. விதை முளைக்குங்கால் தோல் வெடித்தவுடன் அவை வெளியே கசிந்து, இளம் முளையைச் சூழ்ந்து, பங்கசுகள் அணுகாது தடுக்கின்றன என்பதைப் பெல்ஜிய ஆராய்ச்சியாளர் 1995ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

மென்சவ்வு குலையும் விதம்

ஒவ்வோர் உயிர்க்கலத்தையும் ஒரு மென்சவ்வு மூடியுள்ளது. இது பெரும்பாலும் கொழுப்பினாலாய ஈரடுக்குப் படலமாகும். ஒரு மில்லிமீற்றரை இரண்டு இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே இதன் தடிப்பு. வேண்டியதை உள்ளே விடுவதும் உள்ளிருப்பதை வெளியே போகாது காப்பதும் இதன் கடமை. வரம்பு உடைந்த வயலில் நீர் நில்லாதது போல, மென்சவ்வு உடைந்த கலத்தில் உயிர் நில்லாது.

பற்றீரியாவின் மென்சவ்வு வெளிப்புறத்தில் மறையேற்றம் மிக்கது. பெப்தைட்டுகளோ பெரும்பாலும் நேரேற்றம் உடையவை. மாறான ஏற்றங்கள் ஒன்றையொன்று கவருமாதலால் பெப்தைட்டுகள் கிருமியின் மேற்பரப்பிற் சென்று ஒட்டுகின்றன. அவற்றின் ஒரு பக்கம் நீரை விரும்பும். மறுபக்கம் கொழுப்பை நாடும். கொழுப்பை நாடும் பக்கம் மென்சவ்வினுட் புதைகின்றது. சில மாத்திரம் புதையின் கிருமி பிழைத்துக்கொள்ளும். போதிய அளவு திரண்டபின், அவை மென்சவ்விற் துளைகளை உண்டாக்கும். அல்லது சவர்க்காரம் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பது போல் அதனைத் துண்டு துண்டாகக் குலைக்கும். பொற்றாசியம் முதலிய பொருள்கள் வெளியே ஒழுக, கிருமி மடிகின்றது.

விலங்குகளின் கல மென்சவ்வு வெளிப்புறத்தில் பெரும்பாலும் ஏற்றமற்றது. அதிலுள்ள கொலெஸ்தரோல் அதற்கு உறுதியும் அளிக்கின்றது. ஆகவே பல பெப்தைட்டுகள் அதற்கு அதிகம் ஊறு செய்வதில்லை. ஆயினும் எல்லாப் பெப்தைட்டுகளும் இவ்வாறு வேறுபாடு காண்பதில்லை. தேனீயின் நஞ்சிலுள்ள மெலிற்றின் மனிதரின் செங்குருதிக் கலங்களையும் உடைக்கின்றது.

தப்பும் கிருமி

கிருமிகளும் வாளாவிருப்பதில்லை. சில பற்றீரியாக்கள் தம் மேற்பரப்பின் மறையேற்றத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அப்போது பெப்தைட்டுகளுக்குப் பற்றுமிடம் கிடைப்பதில்லை.

வாடல் நோயை விளைக்கும் ரல்ஸ்டோனியா சொலனேசியாரம் என்னும் பற்றீரியா இவ்வகையில் வலியது. மண்ணில் வாழும் வேறொரு பற்றீரியாவிலிருந்து 1947ஆம் ஆண்டளவில் பெறப்பட்ட பொலிமிக்சின் என்னும் பெப்தைட்டு மருந்து பல கிருமிகளைக் கொல்லும்; வாடற் பற்றீரியாவோ அதனைத் தாங்கி வளரும். மண்ணிலிருந்து இப்பற்றீரியாவைப் பிரித்தறிய விரும்பும் ஆய்வுகூடத்தார், ஏனைய கிருமிகளை ஒழித்தற்பொருட்டு வளர்ப்பூடகத்திற் பொலிமிக்சினையே சேர்ப்பர். மேலும் இப்பற்றீரியா வேர் வழியே புகுந்து, நீர் செல்லும் குழாய்களிற் பெருகிப் பசையினால் அவற்றை அடைத்துவிடுகின்றது. இலைமேல் தெளிக்கும் மருந்து அவ்விடத்தை எட்டுவதில்லை.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வாங்கித் தோட்டத்தில் ஊற்றுதல் பயனற்றது மாத்திரமன்று, தீங்குமாகும். பொலிமிக்சின் இனத்தைச் சேர்ந்த கொலிஸ்ரின், வேறு மருந்துகள் கைவிட்ட நோயாளருக்கு மருத்துவமனைகளில் வழங்கப்படுவது. பண்ணை விலங்குகளுக்கு இது பெருமளவிற் கொடுக்கப்பட்டுவந்த சீனாவில், இம்மருந்தை எதிர்க்கும் ஆற்றல் ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்வது 2015ஆம் ஆண்டில் அறியப்பட்டது. கமத்திற் செய்யும் பிழை மருத்துவமனையிலுள்ள பிள்ளையின் உயிரையும் பாதிக்கலாம்.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. வாடிய செடியின் தண்டை நிலமட்டத்துக்குச் சற்று மேலே வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுனை அமிழுமாறு பிடித்தல் வேண்டும். சில நிமிடங்களில் பால் போன்ற வெண்ணிற இழைகள் வடியுமாயின் அது பற்றீரியா வாடலாகும்.

2. நோயுற்ற செடியை வேருடனும் வேரைச் சூழ்ந்த மண்ணுடனும் அகற்றி, செடியை எரித்தல் வேண்டும். வாய்க்காலிலோ கூட்டெருக் குழியிலோ இடுதல் ஆகாது. பயன்படுத்திய மண்வெட்டியைக் கழுவியபின்னரே அடுத்த பாத்திக்குச் செல்லல் வேண்டும்.

3. நோய் கண்ட நிலத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தல் தவறு. நீர் கட்டக்கூடிய நிலமாயின் இடையில் நெல் விதைத்தல் நன்று. நீர் நிற்கும் வயலில் இப்பற்றீரியாவின் தொகை குறையும்.

4. நோயற்ற நாற்றுகளையும் நோயற்ற விதைக்கிழங்குகளையுமே நடுதல் வேண்டும். வெளித்தோற்றத்தில் நல்லதாகக் காணப்படும் கிழங்கினுள்ளும் நோய் மறைந்திருக்கலாம்.

5. சுண்டைச் செடி இந்நோயை எதிர்க்கவல்லது. அதன் அடித்தண்டில் கத்தரியையோ தக்காளியையோ ஒட்டி நடுவதால் நோயுள்ள நிலத்திலும் விளைவு பெறலாம்.

6. களை கொத்தும்போது வேர்கள் காயப்படாது காத்தல் வேண்டும். காயமே கிருமி புகும் வாயில். நீர் தேங்காது வடிகால் அமைத்தலும் நைதரசன் பசளையை அளவோடு இடுதலும் அவசியம்.

பயிரின் காவற் புரதங்கள் சிறு தொகையான கிருமிகளையே வெல்லவல்லவை. பெருந்தொகையான கிருமிகள் வேரை அடையாது தடுத்தல் கமக்காரரின் கையிலேயே உள்ளது. தோட்டத்தில் முதலாவது செடி வாடியவுடனேயே மேற்கூறிய குவளைச் சோதனையைச் செய்து, அப்பகுதி விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறுதல் நன்று.