விசிட் விசாவில் வேலைக்கு கிளம்புறீங்களா? பணம் கட்டும் முன் பேப்பரை படிங்க!

கலசப்பாக்கம்:

தறி வேலையில் கூலி கட்டுப்படியாகாமல் வெளிநாட்டுக்கு கிளம்பும் வாலிபர்கள் கலசப்பாக்கம், போளூர், ஆரணி வட்டாரத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஏஜெண்டுகள் சொல்லும் முதல் வார்த்தை "விசா ரெடி" என்பதுதான். என்ன விசா என்று கேட்டால் பதில் வராது. மறுபடி கேட்டால், "அதெல்லாம் அங்க போய் மாத்திக்கலாம் தம்பி, நீ ஏன் கவலைப்படுற" என்பார்கள்.

கவலைப்பட வேண்டிய விஷயமே அதுதான். சம்பளம் வராவிட்டால் கேட்க முடியுமா, வேலை பிடிக்காவிட்டால் வேறு இடத்துக்கு மாற முடியுமா, பொண்டாட்டி பிள்ளையை கூப்பிட்டுக்கொள்ள முடியுமா, உயிருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு பணம் கிடைக்குமா என எல்லாவற்றையும் முடிவு செய்வது விசா பேப்பரில் இருக்கும் அந்த ஒரு வரிதான். அதை படிக்காமல் நகையை அடகு வைப்பவர்கள்தான் அதிகம்.

பத்தாவது பாஸா, பெயிலா?

முதலில் பாஸ்போர்ட். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு கொடுக்கப்படும் பாஸ்போர்ட்டை 'இ.சி.ஆர்.' பாஸ்போர்ட் என்கிறார்கள். அதாவது, வேலைக்காக வெளிநாடு போகும்போது மத்திய அரசின் அனுமதி (கிளியரன்ஸ்) வாங்க வேண்டும். 1983-ம் ஆண்டு வந்த குடிபெயர்வு சட்டத்தில் இருக்கும் விதி இது. எல்லா நாட்டுக்கும் இது கிடையாது. சவுதி, குவைத், துபாய் அடங்கிய ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், ஓமன், பக்ரைன், மலேசியா, தாய்லாந்து உள்பட 18 நாடுகளுக்கு மட்டும்தான். சிங்கப்பூர் இந்த பட்டியலில் இல்லை.

பத்தாவது தேறியவர்கள், 50 வயது தாண்டியவர்கள், வருமான வரி கட்டுபவர்கள், ஏற்கனவே 3 வருஷம் வெளிநாட்டில் இருந்தவர்கள் ஆகியோருக்கு இந்த கட்டுப்பாடு இல்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பத்தாவது சர்டிபிகேட்டை காட்டினால் போதும். இதை தெரியாமல், பாஸாகியும் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டோடு அலைபவர்கள் உண்டு. பெயிலானவருக்கு போலி சர்டிபிகேட் செய்து கொடுக்கும் ஆட்களும் உண்டு. மாட்டினால் பாஸ்போர்ட்டும் போச்சு, போலீஸ் கேசும் வந்து சேரும்.

கிளியரன்ஸ் என்றதும் அது ஏதோ அரசாங்கம் போடும் முட்டுக்கட்டை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது கூலி ஆளுக்கான பாதுகாப்பு. கம்பெனி பெயர், சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் 'இ-மைக்ரேட்' என்ற அரசு கம்ப்யூட்டரில் பதிவான பிறகுதான் கிளியரன்ஸ் கிடைக்கும். நாளைக்கு பிரச்சினை என்றால் தூதரகம் முதலில் தேடுவதும் அந்த பதிவைத்தான்.

ஓட்டை எங்கே?

வேலைக்கு இல்லாமல் சுற்றிப் பார்க்கவோ, சொந்தக்காரரை பார்க்கவோ போனால் கிளியரன்ஸ் தேவையில்லை என்று 2007-ல் விதியை தளர்த்தினார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஏஜெண்டுகளுக்கு அதுவே வழியாகிவிட்டது. வேலைக்கு போகிற ஆளை விசிட் விசாவில் ஏற்றி விடுகிறார்கள். "ஏர்போர்ட்ல கேட்டா மாமா வீட்டுக்கு போறேன்னு சொல்லு" என்று பாடம் வேறு நடக்கிறது. அப்படி சொல்லிவிட்டு போனவருக்கு அரசு பதிவு இல்லை, ஒப்பந்தம் இல்லை, இன்சூரன்சும் இல்லை.

துபாயில் விசிட் விசாவில் இருந்து வேலை விசாவுக்கு மாறவே முடியாதா என்றால், முடியும். ஆனால் ஒரு கம்பெனி முன்வந்து, அங்குள்ள தொழிலாளர் துறையில் பர்மிட் எடுத்தால்தான். பர்மிட் கைக்கு வரும் வரை ஒரு நாள் வேலை பார்த்தாலும் குற்றம். பர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-ல் அங்கு சட்டத்தை இறுக்கினார்கள். அதனால் ரெய்டு என்றதும் முதலாளி சொல்லும் முதல் வார்த்தை, "இவன் யாருன்னே எனக்கு தெரியாது" என்பதாகத்தான் இருக்கும்.

'ப்ரீ விசா' என்று ஒன்று கிடையாது

இன்னொரு மாயம் 'ப்ரீ விசா'. அப்படி ஒரு விசாவை எந்த வளைகுடா நாட்டு அரசாங்கமும் கொடுப்பதில்லை. ஒரு அரபி தன் பெயரில் விசா எடுத்து விற்கிறார். வாங்கியவர் வேறு இடத்தில் வேலை பார்க்கிறார். வருஷா வருஷம் இக்காமா புதுப்பிக்க அந்த கபீலுக்கு பணம் அழ வேண்டும். கபீலுக்கு கோபம் வந்து "என் ஆள் ஓடிப்போய்ட்டான்" என்று எழுதிக் கொடுத்தால் முடிந்தது கதை. சவுதியில் இதை 'ஹுரூப்' என்பார்கள். அன்று முதல் அந்த ஆள் திருட்டுத்தனமாக இருப்பவர். தறிக்கு முன்பணம் வாங்கிவிட்டு முதலாளியை விட்டு நகர முடியாமல் இருப்பது பட்டுக்காரர்களுக்கு புதிதல்ல. ஆனால் இங்கே கடனை அடைத்தால் ஆள் வெளியே வரலாம். அங்கே கபீல் மனசு வைத்தால்தான்.

முறையான வேலை விசாவிலும் வித்தியாசம் இருக்கிறது. குவைத்தில் கம்பெனி ஆட்களுக்கு 18-ம் நம்பர் விசா. நம்மவர்கள் 'சூன் விசா' என்பார்கள். வீட்டு டிரைவர், சமையல், தோட்ட வேலைக்கு 20-ம் நம்பர். அதுதான் 'காதிம் விசா'. காதிம் விசாவில் போனவர் கம்பெனி வேலைக்கு நினைத்தபோது மாற முடியாது. 2024 ஜூலை, செப்டம்பருக்கு நடுவே இரண்டு மாசம் மட்டும் மாறிக்கொள்ள குவைத் அரசு வாய்ப்பு கொடுத்தது. அதற்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

சவுதியில் 2021 மார்ச் 14 முதல், ஒரு வருஷம் வேலை பார்த்தவர் முதலாளி சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம், லீவுக்கு ஊருக்கு வரலாம் என்று சீர்திருத்தம் கொண்டு வந்தார்கள். அதிலும் வீட்டு வேலை, வீட்டு டிரைவர், தோட்டம், ஆடு மேய்ப்பு ஆட்களை சேர்க்கவில்லை. நம் பக்கத்தில் இருந்து படிக்காமல் போகிறவர்களில் பலர் பார்ப்பது அந்த வேலைகளைத்தான். கத்தாரில் முதலாளியிடம் என்.ஓ.சி. வாங்கும் முறையை 2020-ல் எடுத்தார்கள். குவைத்திலோ தலைகீழ். 18-ம் நம்பர் ஆட்கள் ஊருக்கு கிளம்ப வேண்டுமானால் முதலாளி ஒப்புதலோடு 'எக்சிட் பர்மிட்' வேண்டும் என்று 2025 ஜூலை 1 முதல் புதுசாக கொண்டு வந்தார்கள்.

ஏஜெண்டுக்கு எவ்வளவு?

மத்திய அரசில் பதிவு செய்த ஏஜெண்டு வாங்கக்கூடிய உச்சபட்ச கட்டணம் ரூ.30 ஆயிரம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.35 ஆயிரத்து 400. அதற்கு ரசீது கொடுக்க வேண்டும். ஏஜெண்டின் லைசென்சு நம்பர் உண்மையா என்று இ-மைக்ரேட் வெப்சைட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 'சப் ஏஜெண்டு' என்று டீக்கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் சேகரிப்பவர்களுக்கு சட்டத்தில் இடமே கிடையாது. அவர்களிடம் கொடுத்த பணத்துக்கு பெரும்பாலும் சாட்சியும் இருக்காது.

பெண்கள் விஷயத்தில் விதி இன்னும் கடுமை. இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண் வீட்டு வேலைக்கு போக 30 வயது ஆகியிருக்க வேண்டும். அதுவும் அரசு நிறுவனம் மூலமாக மட்டும்தான். தமிழ்நாட்டில் அதற்கு 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. தனியார் ஏஜெண்டு "நான் அனுப்புறேன் அக்கா" என்றால் அது விசிட் விசாவாகத்தான் இருக்கும்.

குடும்பத்தை கூப்பிட முடியுமா?

கல்யாணமான புதிதில் கிளம்புகிறவர்கள் பொண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போவது, "ஆறு மாசத்துல உன்னையும் கூட்டிக்கிறேன்". சம்பள விதியை பார்த்தால் பலருக்கு அது நடக்கிற காரியமில்லை.

துபாயில் மாசம் 4 ஆயிரம் திர்ஹாம், அல்லது 3 ஆயிரம் திர்ஹாமோடு கம்பெனி வீடு இருந்தால் குடும்பத்தை கூப்பிடலாம். 2019-ல் இருந்து என்ன தொழில் என்பதை பார்க்காமல் சம்பளத்தை மட்டும் பார்க்கிறார்கள்.  குவைத்தில் 2024 ஜனவரியில் குடும்ப விசாவை மறுபடி திறந்தபோது 800 தினார் சம்பளம் கேட்டார்கள். நம் பணத்தில் மாசம் 2 லட்சம் ரூபாய்க்கு மேல். டிகிரி வேண்டும் என்ற விதியை அதே வருஷம் ஜூலையில் எடுத்தார்கள். சம்பள விதியை எடுக்கவில்லை. சவுதியில் குடும்பத்தை வைத்துக்கொள்ள தலைக்கு மாசம் 400 ரியால் வரி. 2017-ல் 100 ரியாலில் தொடங்கி 2020-ல் இந்த அளவுக்கு ஏற்றினார்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் வருஷத்துக்கு 14 ஆயிரத்து 400 ரியால். அதை முன்கூட்டியே கட்டினால்தான் இக்காமா புதுப்பிக்க முடியும். அந்த வரி வந்தபோது சம்பாதிக்கிற ஆள் அங்கேயே தங்க, குடும்பம் மட்டும் ஊர் திரும்பியது நிறைய நடந்தது.

சம்பளம் இருந்தும் பேப்பரால் கெட்டவர்கள் உண்டு. கோவிலில் தாலி கட்டி, மண்டபத்தில் சாப்பாடு போட்டதோடு நம் ஊரில் கல்யாணம் முடிந்துவிடுகிறது. குடும்ப விசாவுக்கு பத்திரிகை, போட்டோ எல்லாம் செல்லாது. சார்பதிவாளர் ஆபீசில் பதிந்த சர்டிபிகேட் வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டு சட்டப்படி கல்யாணப் பதிவு கட்டாயம்தான். 90 நாளுக்குள் பதிய வேண்டும். அந்த சர்டிபிகேட்டில் மாநில அரசு முத்திரை, வெளியுறவுத்துறை முத்திரை, துபாய், குவைத் போன்ற இடங்களுக்கு அந்த நாட்டு தூதரக முத்திரை என்று வரிசையாக வாங்க வேண்டும். மாப்பிள்ளை விமானம் ஏறிய பிறகு பதிவுக்கு அலைந்தால் இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்து போடுவது எப்படி?

அடுத்தது பெயர். தமிழனுக்கு இனிஷியல் ஒன்றே பெரிய வம்பு. ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விட்டுவிட்டு ஒற்றைப் பெயர். 2022 நவம்பர் 21 முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா தரமாட்டோம் என்று அமீரகம் அறிவித்ததும் ஏர்போர்ட்டுகளில் பலர் திரும்பி வந்தார்கள். பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். விண்ணப்பிக்கும்போதே பெயரையும் அப்பா பெயரையும் இரண்டு கட்டத்திலும் நிரப்பினால் இந்த தொல்லையே இல்லை.

அங்கேயே குழந்தை பிறந்தால் ஒரு வருஷத்துக்குள் இந்திய தூதரகத்தில் பதிய வேண்டும். 2004 டிசம்பர் 3-க்கு பிறகு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்படி பதிந்தால்தான் இந்திய குடியுரிமை. தாமதமானால் மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். அமீரகத்தில் பிறந்த குழந்தைக்கு 120 நாளுக்குள் பாஸ்போர்ட் எடுத்து விசாவும் அடிக்காவிட்டால், பால்குடி பிள்ளைக்கும் அபராதம் ஓடும்.

'கல்லிவல்லி' வாழ்க்கை

விசா முடிந்தும் ஒளிந்து வேலை பார்ப்பவர்களை வளைகுடாவில் நம்மவர்கள் 'கல்லிவல்லி' என்பார்கள். சொல்ல சிரிப்பாக இருக்கும், வாழ முடியாது. அமீரகத்தில் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம். ஒரு மாசத்துக்கு 1,500 திர்ஹாம். வாங்குகிற கூலியில் பாதிக்கு மேல் போய்விடும். ஆஸ்பத்திரிக்கு போக பயம், அப்பா சாவுக்குக்கூட ஊருக்கு வர முடியாது.

இவர்களுக்கு ஒரே வழி பொது மன்னிப்பு. குவைத்தில் 2024 மார்ச் முதல் ஜூன் வரையும், அமீரகத்தில் 2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரையும் கொடுத்தார்கள். அந்த நாளுக்குள் போனவர்களுக்கு அபராதம் தள்ளுபடி ஆனது. மலேசியாவில் அதே வருஷம் மார்ச்சில் இருந்து டிசம்பர் வரை 500 ரிங்கிட் அபராதம் கட்டிவிட்டு ஊர் திரும்ப விட்டார்கள். அடுத்த மன்னிப்பு எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. "இப்ப கட்டு, அடுத்த மாசம் மன்னிப்பு வருது" என்று அதற்கும் பணம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மலேசியா பற்றி தனியாக சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்று அந்த நாடு அறிவித்தது. அது சுற்றிப் பார்க்க. ஓட்டலில் ரொட்டி போட அல்ல. 31-வது நாள் பிடிபட்டால் 5 வருஷம் வரை ஜெயில் தண்டனைக்கு அங்கு சட்டம் இருக்கிறது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய் மியான்மர் எல்லைக்குள் கடத்தி, ஆன்லைன் மோசடி வேலை செய்யச் சொல்லி அடித்ததும் நடந்தது. அப்படி சிக்கிய 13 தமிழக வாலிபர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டு சென்னை வந்து சேர்ந்தனர்.

ரூ.275-ல் ரூ.10 லட்சம்

2024 ஜூன் 12-ந்தேதி குவைத் மங்காப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கிய கட்டிடத்தில் தீப்பிடித்ததில் 40-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தனர். அதில் 7 பேர் தமிழர்கள். கம்பெனி விசாவில் இருந்தவர்கள் என்பதால் யார், எந்த ஊர் என்ற விவரம் கைவசம் இருந்தது. இரண்டே நாளில் உடல்கள் விமானப்படை விமானத்தில் கொச்சி வந்தன. பதிவே இல்லாத ஆளுக்கு இது நடந்தால் அடையாளம் கண்டுபிடிக்கவே நாளாகும்.

முறையாக கிளியரன்ஸ் வாங்கிப் போகும் இ.சி.ஆர். பாஸ்போர்ட் ஆட்களுக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' இன்சூரன்சு கட்டாயம். 2 வருஷத்துக்கு ரூ.275, 3 வருஷத்துக்கு ரூ.375 தான். விபத்தில் இறந்தாலோ, உடல் நிரந்தரமாக ஊனமானாலோ ரூ.10 லட்சம். இந்த பாலிசி இருப்பதே தெரியாமல் பணம் கேட்காமல் விட்ட குடும்பங்கள் உண்டு. காலம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். அதை மறப்பவர்களும் அதிகம்.

ஆள் கிளம்பும் முன் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், இன்சூரன்சு பாலிசி, ஏஜெண்டு கொடுத்த ரசீது ஆகியவற்றின் ஜெராக்ஸ் ஒரு செட் வீட்டில் மனைவியிடமோ அம்மாவிடமோ இருக்க வேண்டும். போனவர் பாஸ்போர்ட்டை கபீல் வாங்கி வைத்துக்கொண்டாலும் இந்த செட்டை வைத்து 'மதத்' என்ற வெளியுறவுத்துறை வெப்சைட்டில் இங்கிருந்தே புகார் பதியலாம். மத்திய அரசின் இலவச போன் நம்பர் 1800 11 3090. கூப்பிட்டதும் முதலில் கேட்பது பாஸ்போர்ட் நம்பரைத்தான்.